ராசாக் கல்லின் முகம்

முப்பத்து நான்கு வருடம் காட்டுக்குள் இருக்கும் நோதுன் இடிபாடுகளுக்குக் காவலாளியாக இருந்தேன். அத்தனை வருடத்தில் அங்கே ஒரு கல்லின் மேலும் நான் உட்கார்ந்தது கிடையாது. பார்க்க வருகிறவர்கள் உட்காருவார்கள். செருப்பைக் கழற்றி மண் தட்டுவார்கள். ஆரஞ்சுத் தோலை அங்கேயே போடுவார்கள். நான் நிற்பேன். சட்டை இஸ்திரி போட்டதாக இருக்கும், தொப்பி நேராக இருக்கும். கவிச் வீட்டுக்காரன் சாய்ந்து நின்றான் என்று ஊரில் ஒருவன் சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. முழங்கால் இரண்டும் படிக்கட்டைக் கண்டாலே மறுக்கின்றன. ஆனாலும் போன ஏப்ரலில் மெரிதா நகரத்திலிருந்து படம் எடுக்க ஒரு பெண் வந்தபோது, பாதை தெரிந்தவன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் பெயர் நிதியா துயுப். நாற்பது வயதிருக்கும். பெயரைக் கேட்டதுமே நம் இனத்து ஆள் என்று தெரிந்தது. பேச்சும் நம் பேச்சுதான், கொஞ்சம் நகரத்து வேகம் கலந்தது. நோதுனில் உள்ள ஒவ்வொரு சுவரையும் கல்லையும் படம் எடுத்து, அது என்ன நிலையில் இருக்கிறது, எதனால் சேதமானது என்று எழுதித் தர வேண்டியது அவள் வேலை. அது முடிந்தால், ரோட்டிலிருந்து காட்டுக்குள் திரும்பும் இடத்தில் ஒரு பலகை வைப்பார்கள். அதில் இடத்தின் பெயர் இருக்கும். கண்டுபிடித்தவரின் பெயரும் இருக்கும்.

கண்டுபிடித்தவர் என் அப்பா எவுசேபியோ கவிச். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சப்போட்டா மரத்தில் பால் இறக்குவது அவர் தொழில். ஒரு மழைக்காலத்தில் இடுப்பில் கயிறு கட்டி உச்சிக்கு ஏறியவர், இலைகளுக்கு மேலே கல் முகடு ஒன்று நிற்பதைப் பார்த்தார். இறங்கி, கத்தியால் பாதை வெட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்து போய்ச் சேர்ந்தார்.

சந்தேகம் வேறு விஷயத்தில். கோயில் மேட்டுக்கு முன்னால் ஆள் உயரத்தையும் தாண்டி ஒரு கல் நிற்கிறது. ராசாக் கல் என்போம். இறகுக் கிரீடம், மார்பில் பச்சைக்கல் மாலை, கையில் செங்கோல், எல்லாம் இருக்கின்றன. முகம் மட்டும் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை வெறும் பள்ளம். அந்த முகத்தை அப்பா அறுத்தெடுத்து, சப்போட்டாப் பிசின் ஏற்ற வரும் சின்ன விமானத்தில் வந்த வெள்ளைக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டார் என்று ஊர் ஐம்பத்திரண்டு வருடமாகச் சொல்கிறது. முகம் காணாமல் போன வாரம், ஒரு விடியற்காலையில் அப்பா கனமான சாக்கு ஒன்றை நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமந்துகொண்டு விமானத் திடல் பக்கம் போனதைப் பிதேலியோ ஷோலின் அப்பா பார்த்தார். பார்த்தது உண்மை. அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே செத்தும் போனார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பிதேலியோவை அறைந்திருக்கிறேன். என் அப்பாவைத் திருடன் என்று சொன்ன வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அப்படிப் பார்த்தால் ஊரில் பாதி வீட்டில் குடித்ததில்லை. இந்த வருடம் பிதேலியோதான் ஊர்த் தலைவர். பலகையில் அப்பா பெயர் வரலாமா கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வதாக அறிவித்துவிட்டான்.

*

நிதியா மூன்று நாள் வேலை செய்தாள். முதல் நாள், உள்ளே நுழையும் இடத்தில் காட்டுத் தெய்வங்களுக்குச் சுரைக்குடுக்கையில் மக்காச்சோளக் கூழ் வைத்தேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அவள் சுவர்களை எடுத்தாள், படிகளை எடுத்தாள், பழங்காலத்துப் பந்தாட்டக் களத்தை எடுத்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அளவுகோலை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ராசாக் கல்லைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். வெயில் சரியாக விழாது, தரை ஈரம், எறும்பு என்று ஏதேதோ காரணம் சொன்னேன். மூன்றாம் நாள் காரணங்கள் தீர்ந்துவிட்டன.

அவள் வெயிலை மறைக்க அந்தக் கல்லைச் சுற்றிக் கம்பு நட்டுக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தபோது பிதேலியோ தன் மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினான். எனக்கு ஒரு வயது இளையவன். வயிறு மட்டும் எனக்குப் பத்து வயது மூத்தது.

"என்ன பிரிமித்திவோ, இன்னும் வெறைச்சுக்கிட்டேதான் நிக்கிறியா? உன்னையும் ஒரு கல்லுன்னு நெனச்சு இந்தப் பொண்ணு படம் எடுத்துடப் போகுது."

"எடுக்கட்டும். எனக்கு மூஞ்சி இருக்கு."

"இருக்கும் இருக்கும். அதை எவன் வாங்குவான்?"

நிதியா துணியைக் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். எத்தனை முறைதான் பதில் சொல்வது? இருபது வயதில் இந்தப் பேச்சுக்கு ரத்தம் கொதித்தது. இப்போது தோள்தான் வலிக்கிறது.

தெற்கே எங்கோ புகை கிளம்பியது. ஏப்ரல் கடைசி, காடு எரிக்கும் காலம். புகைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிச் சீழ்க்கை அடிப்பது மெலிதாகக் கேட்டது. வெட்டிக் காயப்போட்ட காட்டுக்குத் தீ வைக்கும்போது சீழ்க்கை அடித்துச் சுழல்காற்றைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். காற்று வந்தால்தான் தீ நன்றாகப் பிடிக்கும், சாம்பல் ஒழுங்காக விழும், சோளம் விளையும். கூப்பிட்டவன்தான் அந்தத் தீக்குச் சொந்தக்காரன். தீ எல்லை தாண்டினால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"கேட்டீங்களாம்மா சத்தம்?" என்றான் பிதேலியோ அவளிடம். "ஊர்ல சின்னப் பயலுவகூட காத்தைக் கூப்பிடுவான். இவரு மட்டும் தன் காட்டுக்கு அடுத்தவன் வாயை இரவல் வாங்குவாரு. கவிச் வீட்டு உதடு அவ்வளவு கவுரவம். குவியவே குவியாது."

"வேலை இருக்கு பிதேலியோ. போ."

"போறேன். அம்மா, ரம்பம் போன தடத்தை நல்லா எடுங்க. எத்தனை பல்லுன்னு எண்ண முடிஞ்சா எண்ணிடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல காட்டணும்."

வண்டி இருமிக்கொண்டே போனது.

நிதியா கல்லின் முன்னால் குனிந்தாள். முகம் இருந்த பள்ளத்தில் விரல் தடிமனுக்குக் கறுப்புப் பாசி.

"ஐயா, மத்த கல்லெல்லாம் பளிச்சுன்னு வச்சிருக்கீங்க. இதுல மட்டும் ஏன் பாசிய விட்டுட்டீங்க?"

"அது இருந்துட்டுப் போகட்டும்மா."

"இருந்தா படத்துல ஒண்ணுமே விழாது. அறுத்திருந்தா நேர்கோடு தெரியும். எந்தப் பக்கத்திலேருந்து அறுத்தாங்கன்னுகூடச் சொல்லிடலாம்." அவள் மென்மையான பிரஷ் ஒன்றையும் தண்ணீர் புட்டியையும் என்னிடம் நீட்டினாள். "நீங்களே செய்யுங்க. உங்க கல்லு."

வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அவளே செய்திருப்பாள்.

அந்தப் பாசியை நான்தான் வளர்த்தேன் என்று சொல்லலாம். முப்பத்து நான்கு வருடம் அதன் மேல் நான் கை வைக்கவில்லை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கோயில் மேட்டுக்கு மேற்கே அப்பா ஒரு காடு வெட்டியிருந்தார். இப்போது அங்கே யாரும் வெட்ட முடியாது; அப்போது கேட்பார் இல்லை. எரிப்பதற்கு முன்னால் கல் பக்கமாக மூன்று ஆள் நீளத்துக்குச் சருகைக் கூட்டி வெறுந்தரையாக்கி வை, நான் வந்த பிறகு தீ வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, கூழ் படைக்கக் குடுக்கை எடுத்துவர அப்பா வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஆட்டம். அங்கே வருவதாக ஒருத்தி சொல்லியிருந்தாள். நான் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் கூட்டினேன். அப்பாவுக்காகக் காத்திருக்கவில்லை. தீ வைத்தேன். தீ மந்தமாக இருந்தது. விரலை வாயில் வைத்து, அப்பா அடிப்பதைப் போலவே நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தேன்.

காற்று வந்தது. நான் கூப்பிட்டதைவிடப் பெரிய காற்று. சாம்பலையும் தீயையும் சுருட்டித் தூக்கிக்கொண்டு, நான் கூட்டிய அந்தக் கொஞ்சத் தரையைத் தாண்டி, ராசாக் கல்லின் காலடியில் குவிந்திருந்த காய்ந்த மரங்களின் மேல் போய் உட்கார்ந்தது. கிட்டே போக முடியவில்லை. துப்பாக்கி வெடிப்பது மாதிரி மூன்று சத்தம் கேட்டது. மூன்றாவது சத்தத்தோடு முகம் விழுந்தது.

அப்பா வந்து பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சூடு ஆறியதும் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். ராசாவின் முகம் யார் காலிலும் மிதிபடக் கூடாது என்றார். மறுநாள் விடியற்காலையில் அதைச் சுமந்துகொண்டு போய், பிசின் தூபம் போட்டு, விமானத் திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்தில் இறக்கினார். அந்த வழியில்தான் பிதேலியோவின் அப்பா அவரைப் பார்த்தது.

ஊர் பேச ஆரம்பித்ததும் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். எனக்கு வயசாயிடுச்சு, தாங்கிக்குவேன்" என்றார் அப்பா. "நீ கூப்பிட்ட காத்துதான் ராசா மொகத்தைக் கொண்டுபோச்சுன்னு தெரிஞ்சா, உன் காடு எரிக்க எவன்டா பக்கத்துல வந்து நிப்பான்? தனி ஆளாக் காடு எரிச்சுப் பொழைக்க முடியுமா? வாயை மூடு."

மூடினேன். அதற்குப் பிறகு நான் சீழ்க்கை அடித்ததில்லை.

பிரஷ் போகப் போகக் கறுப்புத் தண்ணீர் என் சட்டைக் கையில் வழிந்தது. அடியில் கல் தெரிந்தது. மற்ற இடத்தில் வெளுப்பாக இருக்கும் சுண்ணாம்புக்கல், அந்தப் பள்ளத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது, தீப்பட்டு ஆறிய தோல் மாதிரி.

நிதியா துணிக்குள் போய் விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து எடுத்தாள். பிறகு வெளியே வந்து மடியில் கணினியைத் திறந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஐயா, இங்க வந்து பாருங்க. கோடே இல்ல. எல்லாம் சிப்பி மாதிரி வட்ட வட்டமா உதிர்ந்திருக்கு. நெறமும் மாறியிருக்கு. இதை யாரும் அறுக்கல. நெருப்புல வெடிச்சிருக்கு." அவள் முகமெல்லாம் சந்தோஷம். "உங்கப்பா விக்கல ஐயா!"

ஐம்பத்திரண்டு வருடம் இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். தொப்பியைக் கழற்றினேன், மறுபடி போட்டுக்கொண்டேன்.

"இங்க அப்ப யாரோட காடு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எங்க காடு."

"அப்ப உங்கப்பா எரிச்சப்போ தவறிப் பத்திக்கிச்சா?"

நான் கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். விற்றவர் என்பதைவிடத் தவறிப்போய் எரித்தவர் என்பது எவ்வளவோ மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நானும் களைத்துப் போயிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். அவளுக்காக நிற்பது போல நின்றேன்.

*

ஞாயிறு காலை, தகரக் கூரை போட்ட கூட்டக் கொட்டகையில் ஊர் முழுக்க இருந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் தூண் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

நிதியா படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினாள். அறுத்த தடம் இல்லை, வெடித்த தடம்தான் என்று விளக்கினாள். கொட்டகை சலசலத்தது. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் என் பக்கம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அந்த நிமிடம் எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிதேலியோ படத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தான்.

"சரி, விக்கல. ஒத்துக்கறேன்" என்றான். "எரிச்சிருக்கான். ராசா மொகத்தை எரிச்சவன் பேரைத்தான் பலகைல போடணுமா? வர்றவன் போறவன் எல்லாம் படிக்கணுமா?"

"அதுவும் சரிதானே" என்றது பின்னால் ஒரு குரல். "காடு எரிக்கத் தெரியாதவனுக்கு என்னத்துக்குப் பலகை?"

"யாருடா அது, எவுசேபியோவுக்குக் காடு எரிக்கத் தெரியாதுன்னு சொன்னவன்?" காசில்தா கிழவி எழுந்தாள். ஊரிலேயே மூத்தவள், எண்பத்தெட்டு வயது. "உங்கப்பன் காட்டை எரிச்சதே அந்த ஆளுதான்டா. எவுசேபியோ கூப்பிட்ட காத்து ஒருநாளும் எல்லை தாண்டினது கெடையாது. பட்டி நாய் மாதிரி சொன்ன எடத்துல நிக்கும். எனக்குத் தெரியாதா?"

யாரோ சிரித்தார்கள். பிதேலியோ சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேலிக்காரன்தான், ஆனால் முட்டாள் இல்லை.

"பிரிமித்திவோ. அன்னிக்குச் சீழ்க்கை அடிச்சது யாரு?"

வழக்கப்படி கேட்க வேண்டிய கேள்வி அது. ஐம்பத்திரண்டு வருடத்தில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை, ஏனென்றால் தீ என்றே யாரும் நினைக்கவில்லை. நான் 'அப்பா' என்று சொன்னால் போதும். பொய் என்று காட்ட உயிரோடு யாரும் இல்லை. அவர் ஏற்கெனவே எனக்காக ஒரு பழியைச் சுமந்திருந்தார். இன்னொன்றையும் சுமப்பார்.

காசில்தா கிழவி இன்னும் உட்காரவில்லை. கைத்தடியில் சாய்ந்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்" என்றேன்.

தகரக் கூரையில் வெயில் சடசடத்தது.

"எனக்குப் பத்தொன்பது வயசு. மூணு ஆள் நீளம் கூட்டச் சொன்னாரு, நான் ஒரு ஆள் நீளம்தான் கூட்டினேன். அவரு வர்றதுக்கு முன்னாடி தீ வச்சேன். காத்தைக் கூப்பிட்டது நான். அவரு பொறுக்கிச் சாக்குல போட்டதெல்லாம் திடல் பக்கத்துக் குளத்துல கெடக்கு. எறங்கிப் பாத்துக்கலாம்."

இதைச் சொல்லும்போதும் நேராகத்தான் நின்றேன். குரல் மட்டும் என்னுடையதாக இல்லை.

"அதனாலதான் நீ சீழ்க்கையே..." என்று ஆரம்பித்த பிதேலியோ முடிக்கவில்லை. படத்தை மேசையில் வைத்தான். தொண்டையைச் செருமினான். "எங்கப்பா சாக்கைப் பாத்தாரு. சாக்குக்குள்ள பாக்கல." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவன் வீட்டிலும் இல்லை. "எவுசேபியோ கவிச் பேரைப் பலகைல போடலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. அது என் வேலை இல்லை என்று தோன்றியது.

வெளியே வந்ததும் நிதியா பக்கத்தில் வந்தாள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஐயா, பட்டியல்ல அந்தக் கல்லுக்கு நேரா தீ விபத்துன்னு மட்டும் எழுதிடறேன். பேரு வேணாமே. நாப்பது வருஷமா நீங்க காவல் காத்த எடம்..."

"முப்பத்து நாலு. பேரைப் போடும்மா. இல்லாட்டி நாளைக்கு எவனாவது அப்பா பேரைப் போட்டுடுவான்."

அவள் எழுதினாள். நான் அங்கேயே நின்று, எழுதி முடிக்கும் வரை பார்த்தேன்.

*

அப்பா சொன்னது தப்பவில்லை. அடுத்த புதன்கிழமை என் காடு எரிக்க நாள் குறித்திருந்தேன். எப்போதும் எனக்காகச் சீழ்க்கை அடிக்கும் பக்கத்துக் காட்டுக்காரனுக்குத் திடீரென்று இடுப்பு வலி வந்தது. அவன் தம்பிக்கு நகரத்தில் வேலை வந்தது. இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள், நானும் குடித்தேன். ஆனால் யாரும் வரவில்லை. கெஞ்சும் பழக்கம் எனக்கு இல்லை. மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வெட்டிப் போட்டதெல்லாம் காட்டிலேயே நனைந்து மட்கியது. இந்த வருடம் என் வீட்டில் கடைச் சோளம்தான். என் மனைவி ரொட்டி தட்டும் சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்கிறது.

பலகை ஜூனில் வந்தது. நிதியா சொல்லியனுப்பியிருந்தாள், போய்ப் பார்த்தேன். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. இடத்தின் பெயருக்குக் கீழே அப்பாவின் முழுப் பெயர் இருந்தது. அவர் வாழ்நாளில் தன் பெயரை எழுதக் கற்கவில்லை, கட்டைவிரல்தான் வைப்பார். பலகையை நிறுத்தச் சிமெண்டில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். புதுசு, இன்னும் ஈர மணம் போகவில்லை. பழைய கல் எதுவும் இல்லை அதில்.

அதில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். முதுகு தானாகவே பலகைக் கம்பத்தில் போய்ச் சாய்ந்தது.

எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. மூன்று சக்கர வண்டி இருமிக்கொண்டே வந்து ரோட்டில் நின்றது.

"என்ன பிரிமித்திவோ," என்றான் பிதேலியோ, "உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் பலகையைப் படித்தான். பிறகு வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே இருந்தான்.